தொண்ணூற்றாறில் நாற்பத்தொன்று

மூன்று பருவம், தொண்ணூற்றாறு ஆட்டம்.
லெமாவின் நான்காம் எண் சட்டை
வியர்வை கண்டது நாற்பத்தொன்றில்.
யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை.
மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறேன்,
கை சும்மா இருக்காது.

தோற்ற ஞாயிற்றுக்கிழமை
மூன்றாம் வாயிலுக்கு எதிரே
நெல்சனின் வண்டியில் சொரிசோ கருகிக்கொண்டிருந்தது.
செர்ரோ மேட்டிலிருந்து இறங்கிய காற்று
புகையை எங்கள் கண்ணுக்கே அனுப்பியது.
மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் மாதக் குளிர்.
மாத்தே குடுவை கைமாறிக் கைமாறி
வாஷிங்டனிடம் வந்ததும் நின்றுவிட்டது.
அவன் பேச ஆரம்பித்தால் உறிஞ்ச மாட்டான்,
அடுத்தவருக்கும் தர மாட்டான்.

"சம்பளம் முழுசு, ஆள் பாதி.
கண்ணாடிக் கிண்ணத்தை
யாராவது வாசலில் காவலுக்கு வைப்பார்களா?
முழங்கால், தொடை, மறுபடி முழங்கால்.
போன மாதம்
தும்மியதில் முதுகு பிடித்துக்கொண்டதாம்.
தும்மியதில்!"

நெலிதா என்னைப் பார்த்தாள்:
"அவன் நின்ற ஆட்டங்களில் எத்தனை கோல் வாங்கினோம்?"
இருபத்திரண்டு, என்றேன்.
"நிற்காத ஐம்பத்தைந்தில்?"
தொண்ணூற்றொன்று.
வண்டியின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள்,
கடுகுச் சாந்துக் குப்பி உருண்டு விழுந்தது.

குனிந்து எடுத்தபடியே வாஷிங்டன் கேட்டான்:
"அந்தத் தொண்ணூற்றொன்றும் யார் கணக்கு?
வராததும் அவன் செய்ததுதானே?"

அதற்கு என்னிடம் எண் இல்லை.

லெமா ஓடி நான் பார்த்ததில்லை.
பந்து எங்கே வரப்போகிறதோ
அங்கே முன்னாலேயே போய்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் சலிப்பாக நிற்பான்.
பந்து வரும். ஏறிக்கொள்வான். அவ்வளவுதான்.
அவன் இல்லாத நாளில்
அந்த இடத்தில் யமந்தூ நிற்கிறான்.
பத்தொன்பது வயது, குதிரைக் கால்,
எல்லா பஸ்ஸையும் துரத்துகிறான் பாவம்.

நெலிதா நிஜமாகவே பஸ் ஓட்டுபவள்.
"என் வண்டி மாதத்தில் பத்து நாள் பட்டறையில்.
மீதி இருபது நாளும்
இந்தப் பேட்டையில் எவனாவது நடந்து போகிறானா?"
"அந்தப் பத்து நாள் நடக்கிறவன் நான்,"
என்றான் வாஷிங்டன்.
நெல்சன் சிரித்ததில் ஒரு ரொட்டி தீயில் விழுந்தது.
குடுவைத் தண்ணீர் ஆறியே போனது.

அடுத்த ஞாயிறு
ஒலிபெருக்கி நான்கு என்றதும்
யாரும் கத்தவில்லை.
தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோல்
மெல்லக் கைதட்டினோம்.

அறுபத்துமூன்றாம் நிமிடம்.
எதிரணியின் மூலை உதையைத் தலையால் தள்ளிவிட்டு
இரண்டடி நடந்தான், நின்றான்,
ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

நாலாயிரம் பேர் மூச்சு விடாததில்
துறைமுகத்துக் கப்பல் ஒன்று
ஊதுவது கேட்டது.
யமந்தூ அழைக்காமலே எழுந்து
மேல்சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.
நெலிதா பிரேக்கை மிதிக்கிறவள்போல்
முன்படியில் காலை அழுத்தினாள்.

லெமா
ஷூ கயிற்றைக் கட்டினான்.
இரட்டை முடிச்சு, நிதானமாக,
பிறகு மற்றக் காலுக்கும்.
நிமிர்ந்து, எங்களை ஒருதரம் பார்த்து,
என்ன ஆச்சு உங்களுக்கு
என்பதுபோல் கையை விரித்தான்.

சுழியத்துக்குச் சுழியம் முடிந்தது.
தொண்ணூற்றேழில் நாற்பத்திரண்டு
என்று மாற்றி எழுதினேன், பென்சிலால்.

"ஜனவரியில் விற்றுவிட வேண்டும்,"
என்றான் வாஷிங்டன்.
தன் தொடையை இறுகப் பிடித்திருந்த கையை
அவன் இன்னும் எடுக்கவில்லை.